அப்பஸ்ஸிமென்தோ: உலர்த்தலா, வாட்டலா?

வடகிழக்கு இத்தாலியின் வெரோனா நகரை ஒட்டிய குன்றுப் பகுதி வல்போலிசெல்லா. அங்கிருந்து வரும் அமரோனே ஒயினைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. பறித்த திராட்சைக் குலைகளை உடனே பிழிந்துவிடாமல், காற்றோட்டமான பரணில் மூன்று, நான்கு மாதம் கிடத்தி, நீர் குறைந்து சாறு செறிந்த பிறகு பிழிவதற்கு அப்பஸ்ஸிமென்தோ என்று பெயர். தமிழில் சட்டென்று கைக்கு வருவது ‘உலர்த்துதல்’. அது தவறான சொல் என்பதே நம் கருத்து. ‘வாட்டுதல்’ என்பதுதான் சரி.

முதலில் ஒலிப்பு. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘அப்பாசிமென்டோ’ என்று எழுதிவிடுகிறோம். இத்தாலிய மொழியின் ‘t’ ஒலி நம் தகரத்தைப்போல நுனிநாக்கு பல்லைத் தொட்டு வருவது. அதனால் ‘டோ’ வேண்டாம், ‘தோ’ போதும். ‘மெந்தோ’ என்று எழுதினால் ‘சொந்தம்’ என்பதில் வரும் தகரம்போல மெலிந்துவிடும் என்பதால் ‘மென்தோ’. ‘அப்ப’ என்ற இரட்டிப்பை இத்தாலியரும் நம்மைப்போலவே அழுத்திச் சொல்கிறார்கள்.

இனி வேர். அப்பஸ்ஸீரே என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. அந்த வினை ‘பஸ்ஸோ’ என்ற பெயரடையிலிருந்தும், அது லத்தீன் ‘பஸ்ஸுஸ்’ என்பதிலிருந்தும் வந்தவை. பஸ்ஸுஸ் என்றால் ‘பரப்பப்பட்டது, விரிக்கப்பட்டது’. ‘பந்தெரே’ என்ற வினையின் எச்சம் அது. அவிழ்த்து விரித்த கூந்தலுக்கும் லத்தீனில் இதே சொல்தான். வெயிலில் பரப்பிய திராட்சை ‘ஊவா பஸ்ஸா’. அதிலிருந்து செய்த இனிப்பு ஒயின் ‘பஸ்ஸும்’. கார்த்தேஜ் நகரத்து வேளாண் எழுத்தாளர் மாகோ சொன்ன பஸ்ஸும் செய்முறையை, கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய வேளாண் ஆசிரியர் கொலுமெல்லா எடுத்து எழுதியிருக்கிறார். நாணல் பரப்பி அதன்மேல் குலைகளை வெயிலில் வைக்க வேண்டும், இரவில் பனி படாமல் மூடிவிட வேண்டும், பூசணம் பிடித்ததையும் அடிபட்டதையும் முன்னதாகவே தள்ளிவிட வேண்டும். நாணல் தட்டி அன்றே வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். விளம்பரங்களில் அப்பஸ்ஸிமென்தோவையும் ‘பஸ்ஸியோனே’ என்ற வேட்கையையும் இணைத்துச் சொல்வதுண்டு. ஒலி ஒன்றுபோல இருந்தாலும் உறவு கிடையாது. பஸ்ஸியோனே ‘துன்புறுதல்’ என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது.

பரப்புவதில் தொடங்கிய சொல் இன்றைய இத்தாலியில் எங்கே வந்து நிற்கிறது? மாலைக்குள் தலை தொங்கிவிட்ட பூவை ‘அப்பஸ்ஸீத்தோ’ என்பார்கள். அதாவது வாடிய பூ. துணி காய்வதற்கும், மாவுப் பண்டத்தை ஈரம் போக உலர்த்துவதற்கும் அவர்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன: அஷியுகாரே, எஸ்ஸிக்காரே. அவர்களே பிரித்து வைத்திருப்பதை நாம் ‘உலர்த்தல்’ என்ற ஒரே சாக்கில் கொட்டக் கூடாது.

தமிழிலும் இந்தப் பிரிவு நன்றாகவே இருக்கிறது. துணி உலர்கிறது, தரை உலர்கிறது: மேலே ஒட்டியிருந்த ஈரம் போகிறது. குளம் வற்றுகிறது, சுண்டைக்காய் வற்றலாகிறது: உள்ளிருந்த நீர் அடியோடு போகிறது. கீரைக்கட்டு வாடுகிறது, மல்லிகை வாடுகிறது: உயிருள்ள ஒன்று விறைப்பு இழந்து தளர்கிறது, ஆனால் இன்னும் சருகாகவில்லை. பழந்தமிழில் மீன் உணக்கல் என்று வரும் ‘உணங்கு’, நம்மிடம் வழக்கொழிந்து மலையாளத்தில் உணக்கமீனாக நிலைத்திருக்கிறது. அதுவும் முழுக்கக் காய்ந்ததையே குறிப்பதால் இங்கே உதவாது.

கருவாட்டில் ‘வாடு’ இருக்கிறதே, சங்க நூல்களில் உப்புக்கண்டம் ‘வாடூன்’ ஆயிற்றே, அவை முழுக்கக் காய்ந்தவைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மீனிலும் ஊனிலும் அந்தச் சொல் எல்லைவரை நீண்டிருக்கிறது. ஆனால் இலை, பூ, காய், கனி என்று செடியின் பக்கம் வந்தால் இன்றைய காதுக்கு ‘வாடல்’ பாதி வழியில் நிற்பதுதான். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனால் முதல் கட்டத்தின் பெயரே வாட்டுதல். பறித்து வந்த கொழுந்தைக் காற்றோட்டத்தில் பரப்பி, முறுக்கினால் நொறுங்காத பதத்துக்குத் தளரவைப்பது. இலை உள்ளே மாறிக்கொண்டிருக்கும், காய்ந்துபோகக் கூடாது. அப்பஸ்ஸிமென்தோவும் அப்படித்தான், 15 மணி நேரத்துக்குப் பதிலாக 100 நாள்.

பரணில் என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் இந்தச் சொல்தேர்வின் காரணம் புரியும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை அறுவடை. கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகியவை முக்கிய வகைகள். அமரோனே என்ற பெயருக்கான சட்ட விதிப்படி கொர்வீனா 45 முதல் 95 சதவீதம், ரொந்தினெல்லா 5 முதல் 30 சதவீதம். கொர்வீனாவின் இடத்தில் கொர்வினோனேயையும் வைத்துக்கொள்ளலாம். எல்லாக் குலையும் பரணுக்குப் போகாது. மணிகள் நெருக்கமில்லாமல் விலகி நிற்கிற, தோல் தடித்த, அடிபடாத குலைகளைக் கையால் பார்த்துப் பறிக்கிறார்கள். நெருக்கமான குலையின் நடுவில் காற்று நுழையாது. ஒரு மணி வெடித்தால் சாறு வழிந்து நான்கு மணிகள் சேர்ந்து அழுகும். மழை பெய்த மறுநாள் பறிப்பதில்லை. பழத்தைக் கழுவுவதும் இல்லை.

பறித்ததைத் தட்டிகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புகிறார்கள். அந்த நாணல், மூங்கில் தட்டிகளுக்கு ‘அரேலே’ என்று பெயர். வெரோனாப் பகுதியில் பட்டுப்புழு வளர்க்கப் பயன்பட்டவை இவை. புழுவின் காலம் வசந்தம், திராட்சையின் காலம் இலையுதிர்காலம். அதனால் ஒரே தட்டி இரண்டு தொழிலுக்கும் உழைத்தது. இப்போது பல ஆலைகளில் காற்றுத்துளையுள்ள ஆழமற்ற பெட்டிகள் வந்துவிட்டன; ஒரு பெட்டியில் 5, 6 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவை அடுக்கியிருக்கும் இடம் ‘ஃப்ருத்தாயோ’. நம் வீட்டுப் பரணும் அவர்களுடைய பழப் பரணும் வேலையில் ஒன்றே. எதிரெதிர்ச் சாளரங்கள், குன்றிலிருந்து இறங்கும் காற்று, நேர் வெயில் இல்லை.

பழம் கொடியை விட்டு வந்தாலும் உயிரை விடவில்லை. அது மூச்சு விடுகிறது. புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. தோலில் புதிய சேர்மங்கள் உருவாகின்றன. ரெஸ்வெரட்ரால் போன்றவை கூடுகின்றன. காம்பு பச்சை போய்ப் பழுப்பாகிறது. டிசம்பரில் ஒரு மணியை விரலால் அழுத்தினால் தோல் சுருங்கி மெத்தென்று இருக்கும். பிட்டால் உள்ளே இன்னும் சாறு கசியும். உலர்திராட்சையில் கசியுமா? அதில் ஈரம் 15 சதவீதம் அளவில்தான் மிஞ்சும். இங்கே எடையில் போவது 30 முதல் 40 சதவீதம் மட்டுமே. 100 கிலோ பழம் 60, 65 கிலோவாகிறது. சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவிலிருந்த சர்க்கரை 300 கிராமை நெருங்குகிறது. கடைசியில் கையில் வரும் ஒயின், பறித்த 100 கிலோவுக்கு 40 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி.

கெட்டுப்போகும் வழிகள் பல. முதல் மூன்று வாரமே ஆபத்தான காலம். பழத்தில் நீர் நிறைய, அக்டோபர் மூடுபனி வேறு. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் சாம்பல் பூசணம் பிடித்துவிடும். அதே பூசணம் வறண்ட காற்றில் கட்டுக்குள் இருந்தால் கொர்வீனாவில் இனிமையும் வழவழப்பும் சேர்க்கும். எல்லை மீறினால் நிறம் மங்கி, மண்வாடை வரும். அதனால் பெட்டி பெட்டியாகப் பார்த்து அழுகல் மணிகளைக் கிள்ளி எடுக்கிறார்கள், மாதிரிப் பெட்டியை எடைபோட்டுக் குறித்துவைக்கிறார்கள். எடை மளமளவென்று குறைவதும் நல்லதில்லை. உள்மாற்றங்கள் நடக்க நேரம் கிடைக்காமல் தோல் மட்டும் காய்ந்து, ஒயினில் உலர்திராட்சை வாடை ஏறிவிடும். அது வாட்டலாக இல்லாமல் உலர்த்தலாகப் போன கதை. தொடர்ந்து சூடாகவும் ஈரமாகவும் வரும் இலையுதிர்காலங்கள் இந்தக் கணக்கைக் கடினமாக்குகின்றன.

டிசம்பர் 1க்கு முன் பிழிய விதி அனுமதிப்பதில்லை. பெரும்பாலும் ஜனவரியில்தான் பிழிகிறார்கள். நொதிக்கவைப்பது குளிரில், செறிந்த சர்க்கரையில் நடப்பதால் 30 முதல் 50 நாள் ஆகும். நொதிக்கவைக்கும் ஈஸ்ட் திணறிப் பாதியில் நின்றுவிட்டால் சர்க்கரை மிஞ்சும், புளிக்காடி வாடை ஏற இடம் கொடுக்கும். ஒயினில் ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம். பெரும்பாலும் 15, 16 வரை போகும்.

இந்த முறையை இன்று உலகம் அறியச் செய்ததில் மாஸி ஒயின் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வாயோ தேய் மாஸி என்ற சிறு பள்ளத்தாக்கில் பொஸ்கைனி குடும்பம் 1772இல் நிலம் வாங்கியது. நிறுவனத்தின் பெயரே அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான். அந்தக் குடும்பம் இன்றும் அங்கே ஒயின் செய்கிறது. பக்கத்துக் கர்கன்யாகோவில் கவிஞர் தாந்தேயின் மகன் பியெத்ரோ 1353இல் வாங்கிய பண்ணை, அதே வழிவந்த செரேகோ அலிகியேரி குடும்பத்திடம் இருக்கிறது. அதன் ஒயினும் மாஸியோடு சேர்ந்தே வருகிறது. முறையோ இவர்கள் எல்லோரையும்விடப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத் அரசர்களின் அதிகாரி கஸ்ஸியோதோருஸ், வெரோனாப் பகுதி ஒயினை அரண்மனைக்குக் கேட்டு எழுதிய கடிதத்தில், பந்தலிலிருந்து தேர்ந்தெடுத்த குலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு டிசம்பர்வரை காப்பதை விவரிக்கிறார்.

நிலைத்த வேளாண்மை என்ற பேச்சு இந்த முறைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை. எரிபொருளை எரித்து ஒரே நாளில் நீரை விரட்டலாம். இங்கே அதைக் குளிர்காலக் காற்று செய்கிறது. விசிறியும் ஈரம் நீக்கும் கருவியும் வைத்துக்கொள்ள அமரோனே விதி இடம் தருகிறது. ஆனால் வெப்பத்தைக் கொண்டு ஈரம் நீக்கும் எதையும் அது வெளிப்படையாகத் தடுக்கிறது. கருவிகளை எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோம் என்பதில்தான் ஒரு ஆலையின் அக்கறை தெரியும். மாஸியில் இன்னும் மூங்கில் தட்டிகளை வைத்திருப்பதும் அதே திசையில்தான். வல்போலிசெல்லா ஒயின் கூட்டமைப்பின் சான்றிதழ்த் திட்டத்தின் பெயர் ‘ரிதூச்சி, ரிஸ்பார்மியா, ரிஸ்பெத்தா’: குறை, மிச்சப்படுத்து, மதித்து நட. மகசூல் குறைவு என்று கைவிடப்பட்டிருந்த ஒசெலேத்தா என்ற உள்ளூர் வகையை மீட்டு நட்டது மாஸி. சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய படிவரப்புகளைக் காப்பதும் இதே கணக்கில் சேரும். அவை சரிந்தால் மேல்மண் ஒரே மழையில் போய்விடும்.

சக்கையும் வீணாவதில்லை. அமரோனே வடித்தபின் தொட்டியில் மிஞ்சும் தோலில் சர்க்கரையும் நிறமும் இன்னும் இருக்கும். அந்த ஆண்டின் சாதாரண வல்போலிசெல்லா ஒயினை அதன்மேல் ஊற்றி மீண்டும் நொதிக்கவிட்டால் ‘ரிபாஸ்ஸோ’. இந்த ‘பாஸ்ஸோ’ வாடல் இல்லை. ‘மறுபடி கடத்துதல்’ என்ற பொருள். தேங்காயில் இரண்டாம் பால் எடுப்பது நினைவுக்கு வரும், ஆனால் இங்கே சக்கையில் ஊற்றுவது தண்ணீர் இல்லை, ஒயின். மாஸி தன் கம்போஃபியோரின் ஒயினை இந்த வழியில்தான் 1964இல் கொண்டுவந்தது. தமிழில் ‘சக்கை மறுவூற்று’ என்றால் விளங்கும்.

கூட வரும் மற்ற இரண்டு பெயர்களையும் பார்த்துவிடலாம். ‘ரெச்சோத்தோ’ வாட்டிய பழத்தின் இனிப்பு ஒயின்; வெரோனா வழக்கில் ‘ரெச்சா’ என்றால் காது. வெயில் நன்றாகப் பட்ட, குலையின் தோள்பட்டையில் காதுபோல் பிரிந்து நிற்கும் பகுதியை மட்டும் எடுத்ததால் அந்தப் பெயர். அதே ஒயினில் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிட்டால் இனிப்புப் போய்க் கசப்புத் தூக்கும். ‘அமாரோ’ கசப்பு, ‘அமரோனே’ பெருங்கசப்பு.

மீண்டும் நம் சொல்லுக்கு. வாட்டுதலில் ஒரு சிக்கல் உண்டு: வாழையிலையைத் தணலில் வாட்டுகிறோம். நெருப்பு வாடை இங்கே கூடவே கூடாது. சித்த மருந்துக் குறிப்புகளில் ‘நிழலில் உலர்த்தி’ என்று வருவதுபோல முன்னே ஒரு சொல்லைச் சேர்த்து ‘நிழல்வாட்டல்’ என்று வைத்துக்கொண்டால் வெயிலும் அனலும் இரண்டும் விலகிவிடும். இத்தாலிய வினை ஒன்றே பழம் தானாக வாடுவதையும் ஆள் அதை வாட்டுவதையும் குறிக்கும். தமிழில் வாடு, வாட்டு என்று இரண்டு இருப்பதால் முறையைச் சொல்லும்போது நிழல்வாட்டல், பழத்துக்குள் நடப்பதைச் சொல்லும்போது வாடல் என்று பிரித்தே எழுதலாம். ‘பஸ்ஸீத்தோ’ ஒயின் ‘வாட்டுப்பழ ஒயின்’ ஆகும். எழுதும்போது இப்படி வரும்: குலைகள் 110 நாள் நிழல்வாட்டலில் இருந்தன, வாடலில் எடை 35 சதவீதம் குறைந்தது, ஜனவரி இரண்டாம் வாரம் பிழிந்தார்கள்.