எந்தச் சவ்வு, அன்ரி?

"சவ்வு தேஞ்சு போச்சாம் பிள்ளை. இனி ஒண்டும் செய்யேலாதாம்."

கொழும்பு வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கும் அன்ரி, முழங்கால் எக்ஸ்ரே உறையை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்ன முதல் வசனம் இது. அதே கிழமை, உதைபந்தாட்டத்தில் முழங்கால் திரும்பிய தம்பி ஒருவர் "சவ்வு கிழிஞ்சிட்டுது" என்று நொண்டிக்கொண்டு வந்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் முச்சக்கர வண்டி ஓட்டும் அண்ணா ஒருவர், "சவ்வு வீங்கிருக்கு மிஸ், எண்ணெய் போட்டுட்டுதான் இருக்கேன்" என்றார். (ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

மூன்று பேர் வாயிலும் ஒரே சொல். பழுதானவையோ வேறு வேறு. பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் நானும் இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு. வரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது "சவ்வில பிரச்சினை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுகம். பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

அன்ரிக்குத் தேய்ந்திருந்தது சவ்வே அல்ல. பாடசாலையில் நாங்கள் கசியிழையம் என்று படித்தது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் குருத்தெலும்பு. கோழிக்காலைக் கடிக்கும்போது எலும்பு நுனியில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒன்று வருமே, அதுதான். அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தம்பிக்குக் கிழிந்தது எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் இணையமாக (லிகமென்ட்) இருக்கலாம், இல்லையென்றால் முழங்காலுக்குள் பிறை வடிவில் கிடக்கும் மெத்தை போன்ற கசியிழையமாக இருக்கலாம். பிறையின் வெளி விளிம்புக்கு இரத்தம் போகும், உள் விளிம்புக்குப் போகாது. அதனால் எங்கே கிழிந்தது என்பதைப் பொறுத்தே அது தானாக ஆறுமா என்பதும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

உண்மையில் சவ்வு என்று சொல்லத்தக்கது முச்சக்கர வண்டி அண்ணாவிடம்தான் வீங்கியிருந்தது.

மூட்டைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கிறது. அந்த உறையின் உட்பக்கத்தில், கசியிழையத்தை மட்டும் விட்டுவிட்டு, மெல்லிய சவ்வு ஒன்று படிந்திருக்கும். சைனோவியல் மென்சவ்வு என்பார்கள். அதன் வேலை மூட்டுக்குள் வழுக்கும் பாய்பொருளைச் சுரப்பது. முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும் அந்தத் திரவத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் 'சைனோவியா' என்று பெயர் வைத்தவர் சுவிஸ் மருத்துவர் பரசெல்சஸ். பெயருக்குள்ளேயே முட்டை (லத்தீனில் 'ஓவம்') இருக்கிறது என்பார்கள். நல்ல முழங்காலில் அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது.

கசியிழையத்துக்கு இரத்தம் இல்லை என்றேனே, அப்படியென்றால் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து? இந்தத் திரவத்திலிருந்துதான். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை அமுக்கினால் தண்ணீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சும். கால் ஊன்றும்போது அமுக்கம், எடுக்கும்போது உறிஞ்சல். அன்ரியோ தேய்ந்துவிடும் என்று பயந்து ஆறு மாதமாக வீட்டை விட்டு இறங்கவில்லை. தேய்மானத்துக்குப் பயந்து கசியிழையத்தைப் பட்டினி போட்டிருக்கிறார்! கூடவே தொடைத்தசையும் வற்றிப்போய், படியிறங்கும்போது விழும் சுமை முழுக்க மூட்டிலேயே இறங்கியது. படியிறங்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விழும்.

சரி, வீக்கம். சவ்வு எரிச்சலடைந்தால் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். அதுதான் "முழங்காலில தண்ணி". ஊசியால் எடுத்தால் திரும்பத் திரும்ப ஊறும் என்று ஒரு பயம் எங்கள் ஆட்களுக்கு. ஊறுவது எடுத்ததால் அல்ல, எரிச்சலின் காரணம் உள்ளேயே இருப்பதால். எடுத்த தண்ணீரைச் சோதித்தால்தான் அது கௌட் என்ற மூட்டு நோயின் படிகமா, இரத்தமா, சீழா என்று தெரியவரும்.

நுரையீரலையும் இதயத்தையும் குடலையும் போர்த்தியிருக்கும் சவ்வுகளுக்கு, கலங்கள் நெருக்கமாக அடுக்கிய ஒரு படையும் அதன் கீழே அடித்தளமாக இன்னொரு மெல்லிய படையும் உண்டு. மூட்டுச் சவ்வுக்கு அந்த அடித்தளப் படை இல்லை. இரத்தத்திலிருந்து சத்து சுலபமாக உள்ளே வருவதற்கு அது வசதி. கிருமிக்கும் அதே வசதி. உடம்பில் எங்கோ ஒரு புண்ணிலிருந்து இரத்தத்தில் கலந்த கிருமி மூட்டுக்குள் இறங்கினால், சில நாட்களிலேயே கசியிழையத்தை அரித்துவிடும்.

அண்ணாவின் ஒற்றை முழங்கால் அனலாய்க் கொதித்தது. காய்ச்சலும் இருந்தது. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. நாலு நாளாக யாரோ எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் கை வைக்கவேயில்லை. அப்படியே அரச ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். மூட்டைக் கழுவி, ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்று மறுபடி வண்டி ஓட்டுகிறார். ஆனால் கோயிலில் சப்பாணி கட்டி இருக்க முடிவதில்லை. ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் உருவக்கூடாது, ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. காலையில் எழும்பும்போது விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் இறுகி, ஒரு மணித்தியாலம் போனபின்தான் தளர்கிறதென்றால் அதை வயசுக்கோளாறு என்று விடாதீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சவ்வைத் தாக்கும் நோயாக இருக்கலாம். முப்பது வயதிலும் வரும். தேய்மானத்தில் காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். கொழும்பில் சிக்குன்குனியாவையும் மறக்க முடியாது. 2006, 2007இலும் பிறகு 2025இலும் வந்தபோது மாதக்கணக்கில் மூட்டு நோவோடு வந்தவர்களைப் பார்த்தோம். காய்ச்சல் இருக்கும் நாட்களில் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பரசிட்டமோல் தவிர வேறு நோ மாத்திரை போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும் ஆபத்து.

தோள்மூட்டு உறை தடித்துச் சுருங்கி, கையைப் பின்னுக்குக் கொண்டுபோக முடியாமல் போவதும் உண்டு. நீரிழிவுக்காரர்களுக்குக் கூடுதல். அதற்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

விரல் நெட்டி முறித்தால் சவ்வு கெடுமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 வருடம் இடக்கை விரல்களை மட்டும் முறித்துப் பார்த்து, இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை என்று 1998இல் எழுதினார். ஒரே ஆளின் கைதான், பெரிய ஆதாரம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

அன்ரிக்குக் கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சியும், மரைன் டிரைவில் மெதுவாகப் பத்து நிமிட நடையும் கொடுத்தேன். ஆறு கிழமை கழித்து, கைப்பிடியைப் பிடித்தபடி மூன்று மாடி இறங்கி வந்திருந்தார். நோ முற்றாகப் போகவில்லை. போகும் என்று நானும் சொல்லவில்லை.

"அப்ப தேஞ்சது எதெண்டு ஒருக்கா எழுதித் தா பிள்ளை. மருமகள் இன்னும் சவ்வு எண்டுதான் எல்லாருக்கும் சொல்லித் திரியிறாள்."

மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கசியிழையம்' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்துவிட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.