மைனர் – சிறுபாடம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. “கணிதம் மேஜர், வானியற்பியல் மைனர், தாத்தா” என்றாள். “மைனரா? கழுத்தில் சங்கிலியும் சில்க் ஜிப்பாவுமாகத் திரிவானே, அவனா?” என்றார் தாத்தா.

கேலிதான். ஆனால் தாத்தாவின் மைனரும் பேத்தியின் மைனரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘மினோர்’ என்றால் இன்னொன்றைவிடச் சிறியது. சட்டத்தில் அது உரிய வயது நிரம்பாதவர், சட்டத்தமிழில் ‘இளவர்’. சொத்து கைக்கு வரும்வரை ஜமீன் வாரிசும் மைனர்தான். வயது ஏறியும் பட்டம் இறங்கவில்லை; ஊதாரிப் பணக்கார இளைஞனுக்கெல்லாம் அதுவே பெயராயிற்று.

படிப்பில் மைனர் என்பது ஓர் அளவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பாடத்திட்டச் சட்டகத்தின்படி, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் மேஜருக்குக் குறைந்தது 60, மைனருக்கு 24.

மேஜருக்கு ‘முதன்மைப் பாடம்’ நிலைத்துவிட்டது. மைனரைப் பலரும் ‘துணைப்பாடம்’ என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பள்ளியில் துணைப்பாடம் என்றால் தமிழ்ப் புத்தகத்தின் கதைப்பகுதி. கல்லூரியிலோ அது ‘அல்லைட்’. இயற்பியல் மாணவருக்குக் கணிதம் போல, முதன்மைப் பாடத்துக்குத் தோள் கொடுப்பது. மைனர் யாருக்கும் தோள் கொடுக்க வேண்டியதில்லை. வரலாறு படிப்பவர் இசையை மைனராக எடுக்கலாம். அது தன் காலில் நிற்கும் பாடம்; அளவில் மட்டும் சிறியது.

ஆகவே ‘சிறுபாடம்’ என்பேன். ‘சிறு’ என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் சிறுபாணாற்றுப்படையை நினைக்கலாம். அங்கே சிறியது பாணரின் கையிலிருந்த யாழ். பாணரின் புலமை அல்ல. வானத்திலும் இதே வழக்குதான்: ‘மைனர் பிளானட்’ நமக்குச் சிறுகோள்.

இனி வானியற்பியல். வான் + இயற்பியல். மூலமான கிரேக்க ‘ஆஸ்ட்ரோன்’ விண்மீனைத்தான் குறிக்கும். தமிழ் வானத்தையே வளைத்துக்கொண்டது. இதை வானியலோடு குழப்புவோருக்குப் புதுச்சேரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் லெ ழான்டில், 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியாமல் போனார். எட்டு ஆண்டு பொறுத்து 1769 ஜூனில் இங்கே காத்திருந்தபோது மேகம் மறைத்தது. அவர் தேடியது சூரியனின் தொலைவை, அது வானியல். அந்தச் சூரியன் எதனால் ஆனது, எப்படி ஒளிர்கிறது என்று கேட்டால் வானியற்பியல்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தாத்தா ஒன்றே ஒன்று கேட்டார்: “அப்படியானால் ஜாதகம் பார்க்கத் தெரியாதா?”