கண் ஏமாறும் இடம்: பித்தப்பை அறுவை சிகிச்சையில் நாளக் காயம் எப்படி நேர்கிறது?

சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றுவது பெரும்பாலான நோயாளிகளுக்கு ஓரிரு நாளில் முடிந்துவிடும் சிகிச்சை. தொப்புளருகே ஒரு துளை, மேல்வயிற்றில் மூன்று சிறு துளைகள், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் அரிதாக நேரும் ஒரு சிக்கல் நோயாளியைப் பல ஆண்டுகள் மருத்துவமனையோடு கட்டிப்போடக் கூடியது. பித்தப்பையிலிருந்து வரும் சிறிய நாளத்தை வெட்ட வேண்டிய இடத்தில், கல்லீரலின் பித்தநீர் முழுவதையும் குடலுக்குக் கொண்டுசேர்க்கும் முதன்மை நாளம் வெட்டுப்பட்டுவிடுவதே அது. கத்தி வழுக்கியதால் இது நேர்வது மிகவும் குறைவு. பெரும்பாலான நேரங்களில் அறுவை மருத்துவர் பதற்றமில்லாமல், கவனத்தோடு, இதுதான் சரியான நாளம் என்ற முழு நம்பிக்கையோடு அதை வெட்டுகிறார்.

இது எப்படிச் சாத்தியம் என்பதை அறிய அந்த இடத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். கல்லீரல் நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலின் வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் வரும் இரு நாளங்கள் சேர்ந்து பொதுக் கல்லீரல் நாளமாகிக் கீழிறங்குகின்றன. வழியில் பித்தப்பையின் நாளம் பக்கவாட்டில் வந்து இணைய, அங்கிருந்து சிறுகுடல் வரை அதற்குப் பொதுப் பித்தநாளம் என்று பெயர். ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிலிட்டர் கொள்ளும் பித்தப்பை, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலையின் முடிவில் உள்ள கிடங்கைப் போன்றது. அது பித்தநீரைச் சேமித்துச் செறிவாக்குகிறது. அதை எடுத்துவிட்டால் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்ச் சேரும். உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். நெடுஞ்சாலையையே துண்டித்தால் மாற்றுவழி கிடையாது.

பித்தப்பை நாளம், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரலின் அடிவிளிம்பு ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட சிறு பரப்பைக் கலோ முக்கோணம் என்று அழைக்கிறார்கள். 1891-இல் இப்பகுதியை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ழான் பிரான்சுவா கலோவின் பெயர் அது. பித்தப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி வழக்கமாக இந்த முக்கோணத்துக்குள்தான் ஓடுகிறது. பாடப்புத்தகத்தில் எல்லாம் தெளிவாகப் பிரிந்து நிற்கும். உண்மை உடலிலோ இவை கொழுப்புக்குள் புதைந்திருக்கும். ஒருவருக்குப் பித்தப்பை நாளம் மிகக் குட்டையாக இருக்கலாம். இன்னொருவருக்கு அது பொதுக் கல்லீரல் நாளத்தை ஒட்டியே நெடுந்தூரம் இறங்கிப் பிறகு சேரலாம்.

பித்தப்பையை முழுவதுமாக அகற்றும் அறுவையை 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகச் செய்தார். பித்தப்பையில் சேரும் கல்லை மட்டும் எடுத்தால் கல் மீண்டும் உருவாகும்; கல் உருவாகும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வயிற்றைத் திறந்தே இது செய்யப்பட்டது. 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே அதையே செய்து காட்டிய பிறகு, சில ஆண்டுகளுக்குள் இம்முறை உலகெங்கும் பரவிவிட்டது. நோயாளிகளுக்கு வலி குறைந்தது, தழும்பு சிறுத்தது, பணிக்குத் திரும்பும் நாள் முன்னே வந்தது. ஆனால் திறந்த அறுவையில் ஆயிரத்தில் 1 அல்லது 2 பேருக்கு நேர்ந்துவந்த முதன்மை நாளக் காயம், புதிய முறையின் தொடக்க ஆண்டுகளில் ஆயிரத்தில் ஏறத்தாழ 5 பேருக்கு நேர்ந்தது.

என்ன மாறியது? முதலில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல உயர்த்துகிறார்கள். இவ்வாயு தீப்பற்றாது என்பதால் மின்சாரத்தால் திசுவைக் கருக்கும் கருவிகளை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். இரத்தத்தில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறியும் விடும். (சிகிச்சைக்குப் பின் சிலருக்குத் தோள்பட்டை வலிப்பதற்குக் காரணம், இவ்வாயுவால் உதரவிதானம் எரிச்சலுறுவதே. உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தில் அருகருகே வேர் கொண்டிருப்பதால், மூளை அவ்வலியைத் தோளில் உணர்கிறது.) பிறகு கேமரா உள்ளே போகிறது. திரையில் படம் பெரிதாகவும் துலக்கமாகவும் தெரிகிறது. ஆனால் வழக்கமான திரையில் ஆழம் தெரிவதில்லை. விரலால் தொட்டு, குழாய் எவ்வளவு தடிமன், அதற்குள் கல் இருக்கிறதா என்று உணரவும் வழியில்லை.

இழுக்கும் திசையும் முக்கியம். உதவியாளர் பித்தப்பையின் நுனியை நோயாளியின் வலது தோளை நோக்கி மேலே தள்ளிப் பிடிக்கிறார். அதன் கழுத்துப் பகுதியை வலப்புறமாகவும் சற்றுக் கீழ்நோக்கியும் இழுத்தால், பித்தப்பை நாளம் முதன்மை நாளத்திலிருந்து விலகி ஒரு கோணம் விரியும். கழுத்தையும் மேல்நோக்கியே இழுத்துவிட்டால் அக்கோணம் மூடிக்கொண்டு, இரு நாளங்களும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும். அழற்சியால் பித்தப்பையின் கழுத்து முதன்மை நாளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். உண்மையான பித்தப்பை நாளம் மறைந்துபோய், பொதுப் பித்தநாளமே பித்தப்பையிலிருந்து இறங்குவதைப் போலத் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவில் லாரன்ஸ் வே தலைமையிலான குழு இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இத்துறையின் சிந்தனையையே மாற்றியது. 97 விழுக்காட்டுக் காயங்களுக்கு அடிப்படைக் காரணம் காட்சி மயக்கம். கைத்திறன் குறைபாடு வெறும் 3 விழுக்காடு. அந்த அறுவையின்போதே தவறு கண்டுணரப்பட்டது 64 நேர்வுகளில் மட்டும். மூளை ஒரு வடிவத்தை அடையாளம் கண்டுவிட்டால், அதன் பிறகு வரும் சான்றுகளையெல்லாம் அம்முடிவுக்கு ஏற்பவே படிக்கிறது. வெட்டும் முன் நாளத்தை இறுக்கி மூடும் கிளிப்புக்குள் அடங்காத அளவுக்கு நாளம் அகலமாக இருந்தால், அழற்சியால் வீங்கியிருக்கிறது என்று தோன்றும். எதிர்பாராத இன்னொரு குழாய் தென்பட்டால், அது இந்த நோயாளிக்குப் பிறவியில் அமைந்த துணை நாளம் என்று தோன்றும். இவை ஒவ்வொன்றும் நின்று யோசிக்கச் சொல்லும் எச்சரிக்கைகள். மயக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு அவை விளக்கங்களாகிவிடுகின்றன. மேலும் கவனமாக இருங்கள் என்று சொல்வதால் மட்டும் இக்காயம் குறையாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

கண்ணை நம்பாமல், கண் சரிதானா என்று சோதிக்கும் ஒரு நிபந்தனை தேவைப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் அதை முறைப்படி வரையறுத்தார். எந்தக் குழாயையும் வெட்டும் முன் மூன்று செய்திகள் கண்முன் நிறுவப்பட வேண்டும். கலோ முக்கோணத்திலுள்ள கொழுப்பும் நாரிழையும் முழுதும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு பித்தப்பைக்குள் நுழையும் அமைப்புகள் இரண்டே இரண்டாக, அதாவது ஒரு நாளமும் ஒரு தமனியுமாக, இருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவதுதான் முதுகெலும்பு. பித்தப்பையின் அடிப்பகுதி கல்லீரலிலிருந்து விலகியதும், முன்னாலும் பின்னாலும் பார்த்தால் இரு குழாய்களுக்கு நடுவே கல்லீரல் சாளரத்தின் வழியாகத் தெரிவதுபோலத் தெரியும். முதன்மை நாளத்தைப் பித்தப்பை நாளம் என்று நினைத்திருந்தால் இந்தச் சாளரம் திறக்காது. ஏனெனில் முதன்மை நாளம் பித்தப்பைக்குள் அல்ல, கல்லீரலுக்குள் போகிறது. திறந்த அறுவையில் பித்தப்பையை முழுதும் பிரித்து இரண்டு இழைகளில் தொங்கவிட்ட பிறகே வெட்டும் பழைய வழக்கத்தின் சாரத்தையே ஸ்ட்ராஸ்பெர்க் புதிய முறைக்குக் கொண்டுவந்தார்.

நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனையால் இம்முறையின் பயனை நிறுவுவது மிகக் கடினம். ஆயிரத்தில் சிலருக்கே நேரும் காயத்தில் வேறுபாடு காட்ட, பல்லாயிரம் நோயாளிகள் தேவைப்படுவார்கள். ஆகவே அனுபவத் தொகுப்புகளும் தர்க்கமும்தான் இங்கே சான்று. ஐயம் நீடித்தால், நாளத்துக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கலாம். அல்லது பித்தநீரில் கலந்து ஒளிரும் இண்டோசயனைன் பச்சைச் சாயத்தைக் கொண்டு நாளங்களைத் திரையில் காணலாம்.

கடும் அழற்சியில் அந்தச் சாளரம் திறக்கவே மறுப்பதுண்டு. அப்போது முக்கோணத்தைத் தொடர்ந்து கிண்டிக்கொண்டிருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பித்தப்பையின் பெரும்பகுதியை வெட்டி, கற்களை எடுத்துவிட்டு, கழுத்தருகே ஒரு சிறு பகுதியை விட்டுவைக்கும் பகுதி அகற்றலை பித்தப்பை அழற்சிச் சிகிச்சைக்கான 2018-ஆம் ஆண்டின் டோக்கியோ வழிகாட்டு நெறிகளும் பரிந்துரைக்கின்றன. அதற்கும் விலை உண்டு. எஞ்சிய பகுதியிலிருந்து பித்தநீர் கசியலாம். அதில் பின்னாளில் மீண்டும் கல் சேரலாம். ஆனால் அவை சரிசெய்யக்கூடிய தொல்லைகள். வயிற்றைத் திறப்பதும் ஒரு வழியே. எனினும் கெட்டித்துப்போன முக்கோணம் திறந்த வயிற்றிலும் கெட்டித்ததாகவே இருக்கும் என்பதால், திறந்தாலே பாதுகாப்பு என்று கொள்ள முடியாது.

காயம் நேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பது காயத்தின் அளவைப் பொறுத்தது. பித்தப்பை நாளத்தின் முனையிலிருந்து கசிவு என்றால், வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, நாளம் குடலில் திறக்கும் இடத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைக்கிறார்கள். அங்குள்ள வளையத்தசையின் தடை நீங்கியதும் பித்தநீர் எளிய வழியான குடலை நோக்கிப் போக, கசிவுத் துளை தானாக மூடிக்கொள்ளும். முதன்மை நாளமே துண்டிக்கப்பட்டிருந்தால், சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு நேராகத் தைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள நாளத்தில் போடும் இந்தத் தையல் பின்னாளில் சுருங்கி, காய்ச்சலும் காமாலையும் மீண்டும் மீண்டும் வரச் செய்யலாம் என்பதால், நோயாளியைப் பல ஆண்டுகள் கண்காணிக்கிறார்கள். கல்லீரல், பித்தநாள அறுவையில் தனித்தேர்ச்சி பெற்ற குழு இதைச் செய்யும்போது விளைவு தெளிவாகவே மேம்படுகிறது. ஆகவே காயத்தைக் கண்ட மருத்துவர் தாமே சரிசெய்ய முனையாமல், பித்தநீரை வெளியேற்றும் குழாயை வைத்து, நோயாளியை அத்தகைய குழுவிடம் அனுப்புவதே நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.

அறுவையின்போது கண்ணில் படாத காயம், வீடு திரும்பிய பிறகுதான் தலைகாட்டும். சிகிச்சைக்குப் பின் வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். தோள் வலியும் ஓரிரு நாளில் அடங்க வேண்டும். அதற்கு மாறாக இரண்டாம், மூன்றாம் நாளில் வலி ஏறினாலோ, வயிறு உப்பிக்கொண்டு பசியே இல்லாமல் போனாலோ, காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ, அதை வாயுத் தொல்லை என்று தள்ளிப்போடாமல் அன்றே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். அல்ட்ராசவுண்டும் எளிய இரத்தப் பரிசோதனையும் வயிற்றில் பித்தநீர் தேங்கியிருக்கிறதா, நாளம் அடைபட்டிருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் அன்றைக்கே காட்டிவிடும்.