பயாஸ்: சார்பா, கோடலா?

மின்னணுப் பலகைகளைப் பழுது பார்க்கும் மேசையில் ஒருவர் "பயாஸ் (bias) சரியில்லை" என்றால், எந்த பயாஸ் என்று திருப்பிக் கேட்பது நல்லது. டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டில் நிற்கும் மின்னழுத்தமா, அதனால் மின்னோட்டம் பாயும் முனையான டிரெயினில் ஓடும் மின்னோட்டமா, இல்லை அந்த மின்னழுத்தத்தைத் தரும் சிப்பின் சொந்தப் பிழையா? மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கப் பழகிவிட்டோம். பாதி நேரம் அதிலேயே போகிறது.

சொல் பிரெஞ்சிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. குறுக்குவாட்டம், சாய்வு என்பது அடிப்படைப் பொருள். துணியை இழைக்குக் குறுக்காக வெட்டுவதற்கும் இதே பெயர்தான். புல்தரையில் பந்துருட்டும் பௌல்ஸ் ஆட்டத்தில், பந்து நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்து போகும்படி செய்திருப்பார்கள். அந்த வளைவுக்கும் பயாஸ் என்றே பெயர். மனிதரின் ஒருதலைப்பட்சத்தையும், புள்ளியியலில் கணக்கு ஒரு பக்கமாகவே தப்புவதையும் பின்னாளில் இச்சொல் சுட்டியது.

மனிதரிடமும் கணக்கிலும் பயாஸ் ஒரு குறை. பந்தில் அது குறையல்ல. ஆட்டக்காரர் அந்த வளைவை நம்பித்தான் குறி பார்க்கிறார். மின்னணுவியலில் நிற்பது இந்தப் பொருள். வெற்றிடக் குழாய் ரேடியோக்களில், குழாயின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுக்க சி பேட்டரி என்று தனியாக ஒன்று இருந்தது. சிக்னல் வருவதற்கு முன்பே குழாயை வேண்டிய இடத்தில் சாய்த்து நிறுத்துவது அதன் வேலை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைச் சார்பு என்கின்றன: முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு. சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் அதே மாணவர் கணக்கு வகுப்புக்குப் போனால் சார்பு என்பது எக்ஸுக்கும் ஒய்க்கும் இடையிலான உறவு. வீட்டில், ஒருவரை அண்டியிருப்பது சார்பு. சாய்வு என்று மாற்றலாமே என்றால், அதைக் கோட்டின் சரிவுக்குக் கொடுத்தாகிவிட்டது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இருப்பது கோடல். முன்முகக் கோடல், பின்முகக் கோடல். முதலில் கேட்கும்போது விநோதமாக இருக்கும். வேரைப் பார்த்தால் அப்படி இல்லை. கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் தராசுக்கோலை உவமை காட்டி "ஒருபால் கோடாமை" என்று வருவது இந்த வினைதான். பிரெஞ்சுச் சொல்லின் குறுக்குவாட்டத்துக்கும் பந்தின் வளைவுக்கும் இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோடலுக்கும் வேறு சுமைகள் உண்டு. சங்கப் பாடல்களில் அது ஒரு பூ. நன்னூலில் பாடம் கொள்ளுதல். எனக்குக் கோடல்தான் பிடிக்கும். இருந்தாலும் பழக்கத்தை உத்தேசித்துச் சார்பு என்றே எழுதுகிறேன், ஒரு நிபந்தனையோடு: வேண்டுமென்றே கொடுத்த சாய்வுக்கு மட்டுமே அந்தச் சொல். சிப் தானாகத் தப்பும் அளவுக்கு விலகல். சிக்னல் இல்லாதபோது டிரெயினில் ஓடுவது ஓய்வு மின்னோட்டம்.

இந்தப் பிரிவினை பழுது தேடும்போது உதவும். ரேடியோ சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரில், எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி (DAC) கேட்டுக்குச் சார்பு மின்னழுத்தம் தருகிறது. அதற்கு நேர்மாறாக, அளவை எண்ணாக மாற்றும் ஏடிசி (ADC) மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் படிக்கிறது. பல சிப்களில் இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கும். இந்த ஆம்ப்ளிஃபயர்களில் வரும் எல்டிமாஸ் (LDMOS) வகை டிரான்சிஸ்டர் சூடாகும்போது அது திறக்கத் தொடங்கும் மின்னழுத்தம் இறங்கும். சார்பைக் குறைக்காவிட்டால் ஓய்வு மின்னோட்டம் ஏறிவிடும். அதனால் சூடான பலகையில் கேட் மின்னழுத்தம் காலையில் பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். சிப் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. முதலில் டிரெயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிஏசியின் வெளியீட்டுக் காலைக் கேட்டிலிருந்து பிரித்து அளக்க வேண்டும். 12 பிட் சிப், 5 வோல்ட் வீச்சு என்றால் 4096 படிகள். ஒரு படி ஏறத்தாழ 1.22 மில்லிவோல்ட். 2048 எழுதினால் 2.5 வோல்ட் வரணும். இரண்டு மூன்று எண்களை எழுதிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு தப்பினால் அது விலகல். எண் கூடக் கூடத் தப்பும் கூடினால், டிஏசி அளவுகோலாக வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்தைப் பார்க்கணும். எதை எழுதினாலும் அசையாமல் கிடந்தால், சிப்பைக் குறை சொல்லும் முன் அலாரம், கிளியர் கால்களைப் பாருங்கள். ஆபத்து என்று தெரிந்தால் வெளியீட்டைப் பாதுகாப்பான நிலைக்கு இறக்கிவிடும் ஏற்பாடு பல சிப்களில் உண்டு.

பிரித்தால் சரியாக இருந்து, கேட்டோடு சேர்த்ததும் இறங்கினால் கேட்டில் கசிவு இருக்கலாம். மின்னழுத்தம் ஆடினால், கேட் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரைத் தாங்க முடியாமல் டிஏசியின் பஃபர், அதாவது அதன் வெளியீட்டுப் பகுதி, அலைபாய்கிறது. இடையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் பெரும்பாலும் போதும். சார்பு சரி, ஓய்வு மின்னோட்டம் மட்டும் தப்பு என்றால் டிரான்சிஸ்டரையோ மின்னோட்டம் அளக்கும் ரெசிஸ்டரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் பூஜ்யம். சுவிட்சைப் போட்டதும் டிஏசி பூஜ்யத்தில் எழுந்தால் எல்டிமாஸ் அணைந்தே இருக்கும். பவர் ஆம்ப்ளிஃபயர்களில் வழக்கமாக வரும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் தலைகீழ்: கேட்டில் பூஜ்யம் என்றால் முழுதாகத் திறந்து நிற்கும். அதற்கு முதலில் எதிர்மின்னழுத்தச் சார்பு, பிறகுதான் டிரெயின் மின்சாரம். அணைக்கும்போது முதலில் டிரெயின். இந்த வரிசை பிசகிய பலகையில் டிஏசி மட்டும் ஒரு குறையுமில்லாமல் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், டிரான்சிஸ்டர் போயிருக்கும்.