பூத்தலும் பூ விழுதலும்

போன சித்திரையில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு வந்திருந்தார். வெயிலில் வந்தவருக்குக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்தவர் டம்ளரை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, டம்ளரு இப்படிப் பூத்துக் கெடக்குது? வெளக்கறதில்லையா?"

"மிஷின்லதானுங்க அம்மிச்சி கழுவறோம்."

பாத்திரங்கழுவி வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. எவர்சில்வர் எல்லாம் பளிச்சென்று வந்தது. கண்ணாடி மட்டும் வரவர மங்கியது. தட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது பால் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல இருக்கும். கையால் தேய்த்தால் போகாது, நகத்தால் சுரண்டினால் லேசாகக் கோடு விழும். அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கறை என்றால் நிறம் இருக்க வேண்டும். அழுக்கு என்றால் சோப்புக்குப் போக வேண்டும். 'வெண்படலம்' என்று எழுதலாம், ஆனால் வாயில் வராது. அம்மிச்சி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: பூத்துக் கிடக்கிறது.

பூ என்றால் மலர். கன்னடத்தில் ஹூ, தெலுங்கில் புவ்வு, மலையாளத்தில் பூவு என்று தென்னாட்டு மொழிகள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும் பழஞ்சொல். பூப்பது என்பது உள்ளே இருந்த ஒன்று வெளியே வந்து மேலே விரிவது. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு தமிழ் எத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது பாருங்கள். ஈரம் ஏறிய சுவர் உப்புப் பூக்கிறது. நெருப்பு நீறு பூக்கிறது. ஊறுகாய் பூசணம் பூக்கிறது. நெற்றியில் வியர்வை பூக்கிறது. வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறது. இவை எல்லாவற்றிலும் பொருளின் மேல் ஒரு மெல்லிய பூச்சு விரிகிறது. பெரும்பாலும் அடியில் இருப்பது மங்கிப் போகிறது, ஆனால் அழிந்து போவதில்லை. நீறு பூத்த நெருப்பை ஊதினால் கனல் அப்படியே இருக்கும். சுவரில் உப்புப் பூப்பதற்குக் கட்டடப் பொறியியலில் வழங்கும் எஃப்ளோரசென்ஸ் என்ற சொல்லும் மலர்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

படலம் வடமொழிச் சொல். மூடி மறைக்கும் தோல், காப்பியத்தின் உட்பிரிவு என்று இரண்டு பொருளிலும் தமிழில் நன்றாக வழங்குகிறது. வெண்படலம் என்பது தப்பில்லை. ஆனால் அது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. பூத்தல் என்றால், எதிலிருந்து பூத்தது என்ற கேள்வி கூடவே வந்துவிடும். பழுதை நீக்க நினைப்பவருக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்.

எதிலிருந்து என்றால், தண்ணீரிலிருந்து.

கொங்கு நாட்டு வீடுகளில் பலவற்றில் இரண்டு தண்ணீர் உண்டு. ஆற்றிலிருந்தும் அணையிலிருந்தும் குழாயில் வருவது நல்ல தண்ணி. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சில நாளுக்கு ஒருமுறை வரும், பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவோம். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணிதான். பாத்திரங்கழுவியை மாட்டிக் கொடுக்க வந்தவர் எந்தக் குழாய் கைக்கு எட்டியதோ அதில் மாட்டிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அது போர்வெல் குழாய்.

பாடப்புத்தகம் இதைக் கடினநீர் என்கிறது. வன்னீர், மென்னீர் என்று எழுதுவதும் உண்டு. எனக்கு இவற்றைவிட உப்புத் தண்ணி என்ற சொல்லின் மேல்தான் மதிப்பு. வேதியியலில் உப்பு என்றால் சாப்பாட்டு உப்பு ஒன்று மட்டும் இல்லை. தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகளும் உப்புதான். அறிவியல் படிக்காமலே நம் பெண்கள் இந்தத் தண்ணீரை மூன்று வகையில் அடையாளம் கண்டார்கள்: சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளை கட்டும். மூன்றுக்கும் காரணம் அதே கால்சியமும் மெக்னீசியமும்தான்.

நம் பக்கம் இது ஏன் இவ்வளவு அதிகம் என்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம், அடியில் கெட்டிப் பாறை. ஆயிரம் அடிக்குப் போர் போட்டால் பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த தண்ணீர் வருகிறது. வயலில் கொத்தினாலே சுக்கான் கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி புரளும் ஊர்கள் எத்தனையோ. கோவைப் பக்கத்து மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புப் பாறையும் என் டம்ளரில் பூத்த வெள்ளையும் அடிப்படையில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது சூடுபட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கரையாத கார்பனேட்டாக மாறிவிடும். பாத்திரங்கழுவி தண்ணீரைச் சூடாக்கித்தான் கழுவுகிறது, கடைசியில் துளிகளை அப்படியே உலர விடுகிறது. பூப்பதற்கு வேறென்ன வேண்டும்?

குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். பாத்திரங்கழுவியின் கையேட்டில் இந்த அளவு பெரும்பாலும் ஜெர்மன் டிகிரியில் இருக்கும். ஒரு டிகிரி ஏறத்தாழ 17.8 மில்லிகிராம், அப்படியானால் 600 என்பது 34 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். பேனா மாதிரி ஒரு கருவியை முக்கி டிடிஎஸ் பார்க்கிறோமே, அது கடினத்தன்மை இல்லை. கரைந்திருக்கும் எல்லா உப்பின் கணக்கு அது. கடினத்தன்மைக்குத் தனியாகச் சோதனைத்தாள் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கருவியில் கடினத்தன்மை அளவை வைக்க வேண்டும்.

பாத்திரங்கழுவிக்குத் தனியாக உப்புப் போட வேண்டும் என்று சொல்லும்போது பலர் கேட்பது இது: தண்ணீரே உப்பு, அதில் கருவிக்கு வேறு எதற்கு உப்பு? பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கேள்வியோடு ஆறு மாதம் உப்பே போடாமல் ஓட்டினார். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கடினத் தண்ணீரில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும் என்பதால் அங்கே சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். உள்ளே ரெசின் என்னும் குருணைகள் இருக்கும். அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலை ஓடவிட்டுக் கழுவிப் புதுப்பிப்பார்கள். பாத்திரங்கழுவியின் அடியில் இருப்பதும் அதன் சின்ன வடிவம்தான். நாம் போடும் உப்பு ரெசினைக் கழுவிவிட்டுச் சாக்கடைக்குப் போய்விடும், டம்ளரைத் தொடுவதில்லை. சமையல் கல்லுப்பைப் போடக்கூடாது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். தூள் உப்பில் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்த்திருப்பது ரெசினை அடைக்கும். இதற்கென்று விற்கும் சுத்தமான பரல் உப்புதான் சரி.

சோப்புத் தூளுக்கும் பங்குண்டு. முன்பு அதில் கால்சியத்தைக் கட்டிப்போடும் பாஸ்பேட் சேர்ப்பார்கள். ஆறு குளங்களில் பாசி பெருகுகிறது என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் 2010-லும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-லும் அதை மிகவும் குறைக்கும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றை அறிந்த நாம் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் தண்ணீரை மென்மையாக்கும் வேலை பெரும்பாலும் ரெசின் தலையில் விழுந்தது, கண்ணாடி மங்குகிறது என்ற புகாரும் கூடியது.

அம்மிச்சி சொன்ன இன்னொரு சொல்லுக்கு வருகிறேன். வெளக்கறதில்லையா என்றார், கழுவறதில்லையா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் ஏனம் வெளக்குவதுதான் வழக்கம். விளங்கு என்றால் ஒளிர், விளக்கு என்றால் ஒளிரச் செய். வேறு ஊர்களில் பாத்திரம் துலக்குவார்கள், துலங்கு, துலக்கு என்று அதுவும் அதே கணக்கு. இரண்டிலும் தேய்ப்பு இருக்கிறது. கருவியில் தேய்ப்பு இல்லை, சூடான தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான். அமெரிக்கப் பெண்மணி ஜோசஃபின் காக்ரேன் 1886-ல் காப்புரிமை வாங்கிய கருவியும் தண்ணீரின் வேகத்தை நம்பியதுதான். அதனால் பாத்திரங்கழுவி என்ற பெயர் மிகச் சரியானது. பாத்திரவிளக்கி என்று யாரும் வைக்காதது நல்லது. கையால் விளக்கித் துணியால் துடைக்கும்போது துளி உலர நேரமே இல்லை. கருவியில் அந்தத் துடைக்கிற வேலையைச் செய்வது ரின்ஸ் எய்ட். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்து இறங்கச் செய்யும். அலசு திரவம் என்று சொல்லலாம், அலசுதல் என்ற நல்ல சொல் இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. டிடிஎஸ் அதிகமுள்ள ஊரில் இது கட்டாயம் வேண்டும். ரெசின் கால்சியத்தை மாற்றுமே தவிர மொத்த உப்பைக் குறைக்காது, துளி உலர்ந்த இடத்தில் சோடிய உப்பு தங்கும். ஆனால் அது ஈரத்துணிக்கே போய்விடும்.

அன்றைக்கே பன்னிரண்டு டம்ளரையும் ஒரு குண்டாவில் அடுக்கி, மூழ்கும்வரை வினிகர் ஊற்றினேன். வெள்ளை தடித்திருந்த அடிப்பகுதியிலிருந்து நுண்ணிய குமிழி ஏறியது, கார்பனேட் அமிலத்தில் கரையும்போது வரும் கரியமில வாயு. இருபது நிமிடம் கழித்து எடுத்து அலசினால் ஒன்பது டம்ளர் புதிது மாதிரி இருந்தன. மூன்று அப்படியே. அம்மிச்சி அந்த மூன்றில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பூத்ததில்ல கண்ணு, பூ உளுந்தது. எருதுக்குக் கண்ணுல பூ உளுந்துதுன்னா என்ன மருந்து ஊத்துனாலும் போவாது. கண்ணபுரத்துச் சந்தையில பல்லப் பாத்த கையோட கண்ணத்தான் பாப்பாங்க."

கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பைப் பூ என்பது பழைய வழக்கு. மேலே படிந்தது கண் பூத்தல், விழியே மாறிப்போவது பூ விழுதல். டம்ளரிலும் இதே இரண்டு நோய்தான். இரண்டாவதற்கு எழுத்துத் தமிழில் அரிமானம் என்ற சொல் இருக்கிறது. கரையான் அரிப்பது போல அரித்துப்போவது, தேய்மானம் என்பதைப் போன்ற அமைப்பு. முதலாவதைப் படிவு எனலாம். கண்ணாடி மங்கியது என்று ஒரே சொல்லில் முடித்தால் இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும். மருந்தும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

காரத்தன்மையுள்ள சோப்புத் தூள் சூட்டில் கண்ணாடியின் சிலிக்காவையே கரைக்கும். கால்சியம் இல்லாத மென்மையான தண்ணீரில் இது வேகமாக நடக்கும். முதலில் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறம் தெரியும், அப்புறம் வெள்ளை. நான் படிவைப் போக்க நினைத்துச் சில மாதம் தூளை இரண்டு மடங்கு போட்டிருந்தேன், மூன்று டம்ளருக்கும் அதுதான் வினை. தங்கை வீட்டுக்கு சிறுவாணித் தண்ணீர் வருகிறது, உப்பு மிகக் குறைந்த மலைத் தண்ணீர். அங்கே மாட்டிக் கொடுத்தவர் தண்ணீரைச் சோதிக்காமல் கடினத்தன்மையை உச்ச அளவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏற்கெனவே மென்மையான தண்ணீர் இன்னும் மென்மையாகி, கல்யாணத்துக்கு வந்த டம்ளர்கள் எல்லாம் ஒரே வருடத்தில் போய்விட்டன. அவளுக்கு ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

வினிகர் இல்லையென்றால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு தேக்கரண்டியை ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைக்கலாம். அதையே இரண்டு மேசைக்கரண்டி போட்டு, பாத்திரமும் சோப்பும் இல்லாமல் கருவியைச் சூட்டில் ஒருமுறை ஓட்டினால் உள்ளே கட்டியதும் கரையும். புளி பித்தளையோடு இருக்கட்டும். குளியலறை டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட்டைக் குடிக்கிற டம்ளரில் ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

உப்புத் தண்ணி வீட்டில் கடினத்தன்மை அளவைச் சரியாக ஏற்றி வைத்து, பரல் உப்பும் அலசு திரவமும் தீராமல் பார்த்துக்கொண்டால் பூப்பது நிற்கும். நல்ல தண்ணி மென்மையாக வரும் வீட்டில் அந்த அளவைக் கடைசிவரை இறக்கி, தூளைப் பாதியாக்கி, கண்ணாடிக்குக் குறைந்த சூடுள்ள ஓட்டத்தை வைக்க வேண்டும். முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். தங்கை ஆடி மாதத்தில் இப்படி மாற்றிவிட்டு ஆறு புது டம்ளர் வாங்கினாள். தை பிறந்தும் அவற்றில் வானவில் தெரியவில்லை என்று நேற்று போனில் சொன்னாள்.