ஸ்கோப் நகர்வது யார் குற்றம்?

ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) பழுது என்று சொல்லிக் காட்பாடியில் உள்ள என் பட்டறைக்கு வரும் ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் ஸ்கோப்பில் குறை இருப்பதில்லை. அதைத் தாங்கும் ரெயிலும் (ரைஃபிளின் மேலுள்ள நீளப் பட்டை) மவுன்டும் (ஸ்கோப்பை அந்தப் பட்டையில் பிடித்து வைக்கும் கவ்வி) ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதே குறை. ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பில் இருந்து ஊர் திரும்பியவன் நான் (வேலூர்ப் பக்கம் ராணுவத்தாருக்குப் பஞ்சமில்லை). ஆகவே கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் ரெயிலைத்தான் தடவிப் பார்ப்பேன்.

சென்ற கோடையில் குடியாத்தத்துத் தம்பி ஒருவர், இரண்டாவது ஸ்கோப்பும் வீணாகிவிட்டது என்று வருந்தியபடி வந்தார். மவுன்டுக்கு முன்னால் ரெயிலின் கறுப்புப் பூச்சு 3 மி.மீ. நீளத்துக்கு உரிந்து வெள்ளிக் கோடாக மின்னியது. நகர்வதைத் தடுக்கத் திருகுகளை மேலும் மேலும் முறுக்கியதில் அவற்றின் தலைகளும் தேய்ந்திருந்தன.

அவருடையது ஸ்பிரிங் ரைஃபிள். உள்ளே பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது ரைஃபிள் பின்னுக்கு உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நின்றதும் சட்டென்று முன்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த இரண்டாவது உதையில் ரைஃபிள் முன்னே போக, ஸ்கோப் மட்டும் பின்தங்குவதால், ஒவ்வொரு சுடலுக்கும் மவுன்ட் மயிரிழை மயிரிழையாகப் பின்னே நகர்கிறது. இதைத் தடுப்பதற்கென்றே பல ரெயில்களின் பின்பகுதியில் ஒரு துளை இருக்கும். அதில் இறங்கும் தடுப்பு முளை உள்ள மவுன்டைத்தான் வாங்க வேண்டும். தம்பியின் ரெயிலில் துளை இருந்தது, மவுன்டில் முளை இல்லை.

வாங்குமுன் ரெயிலின் வகையை அறிந்துகொள்ளுங்கள். ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலும் காணப்படுவது டவ்டெயில், அதாவது இரு பக்கமும் உட்சரிவாக வெட்டிய ரெயில்; 11 மி.மீ. என்று சொன்னாலும் அகலமும் பக்கச் சரிவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் வெர்னியரால் அளந்துவிடுவது நல்லது. ரெயிலின் குறுக்கே வெட்டுகள் இருந்தால் அது வீவர் அல்லது பிக்காட்டினி வகை. பிக்காட்டினியின் வெட்டு அகலம் 5.23 மி.மீ., வீவருடையது சுமார் 4.57 மி.மீ. என்பதால் வீவர் மவுன்ட் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி மவுன்டின் குறுக்குக் கட்டை வீவரில் இறங்காது. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஒரு வகை ரெயிலில் வேறு வகை மவுன்டை மாட்ட இடையில் அடாப்டர் போடுவதை நான் விரும்புவதில்லை. தளர்வதற்கு இன்னும் சில திருகுகளை அது சேர்க்கிறது, உயரத்தையும் கூட்டிவிடுகிறது.

ரெயிலில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, முளையுள்ள மவுன்டை மாட்டி, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தேன். மணல் பெட்டியை நோக்கி 50 பெல்லட் சுட்ட பிறகும் கோடு மவுன்டை ஒட்டியே இருந்தது. தூக்கிப் போட்ட முதல் ஸ்கோப்பையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அதுவும் நன்றாகவே இருக்கும் என்பது என் ஊகம்.