நீர்த்துளி எடுக்கும் மேஜையில் 230 வோல்ட் எதற்கு?

மழை சீசன் ஆரம்பித்தால் என்னிடம் கேமரா கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நீர்த்துளி விழுவதைப் படம் எடுப்பதில் இறங்கிவிடுவார்கள். பெங்களூரில் சாயங்காலம் எப்போது கொட்டும் என்று தெரியாது, வெளியே போக முடியாது, வீட்டிலேயே ஒரு ட்ரே, கொஞ்சம் தண்ணீர், ஒரு ஃபிளாஷ் இருந்தால் ஆச்சு. நல்ல பயிற்சி, நானே எடுக்கச் சொல்வேன். ஆனால் அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செட்டப் போட்டோவைப் பார்த்தால் பதறுகிறது. துளி அழகாக வந்திருக்கும், அதே மேஜையில் ட்ரேயிலிருந்து ஒரு சாண் தள்ளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கும், அதில் இரண்டு எல்இடி லைட், லேப்டாப், போன் சார்ஜர்.

நான் விளம்பரத்துக்குப் படம் எடுப்பவன். ஜூஸ், ஷாம்பு, குளிர்பானம் என்று தண்ணீரோடுதான் பாதி வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், துளிப் படத்துக்கு வீட்டு கரண்ட் தேவையே இல்லை. ஆபத்து என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பேட்டரி ஃபிளாஷில்தான் படமும் கூர்மையாக வரும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி, கீழே தண்ணீரைத் தொடும்போது வினாடிக்குக் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 வினாடி. அந்த 1/250 வினாடிக்குள் துளி 11 மி.மீ. ஓடிவிடும், துளியின் அகலமே நாலரை மி.மீ.தான். அப்போ ஷட்டர் துளியை நிறுத்தாது, வெளிச்சம்தான் நிறுத்த வேண்டும். கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃபிளாஷை முழு பவரில் அடித்தால் அது 1/1000 வினாடி அளவுக்கு எரியும், இதுவும் போதாது. பவரை 1/32 பங்கு, 1/64 பங்கு என்று இறக்க இறக்க எரியும் நேரம் சுருங்கி 1/20,000 வினாடி பக்கம் வந்துவிடும், அதற்குள் துளி நகர்வது 0.14 மி.மீ.தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-ல் எடுத்த, கிரீடம் மாதிரித் தெறிக்கும் பால் துளிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் இருந்த வித்தையும் இந்தக் குறுகிய வெளிச்சம்தான்.

இது புரிந்துவிட்டால் பெரிய லைட் எதுவும் வேண்டாம் என்பது தானாகப் புரியும். அறையை மங்கலாக்குங்கள், ஃபிளாஷின் பவரை இறக்கி வைத்துத் துளிக்கு கிட்டே கொண்டுபோங்கள், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவர் போடுங்கள், லென்ஸ் துவாரம் எஃப் 11, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 200 என்று வைத்து ஆரம்பியுங்கள். துளி விழும் இடத்தில் ஒரு பேனாவை நிறுத்தி ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு பேனாவை எடுத்துவிடுங்கள். சொட்டு விட மெடிக்கல் ஷாப்பில் புது டிரிப் செட் கிடைக்கும், அதன் உருளையைத் திருகி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம்.

அடுத்த கட்டமாக இரண்டு துளிகளை மோதவிட ஆசை வரும், அதற்குச் சொட்டை நேரம் பார்த்து விடும் வால்வு வேண்டும், உடனே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கேதான் கவனம். 12 வோல்ட் சோலனாய்டு வால்வு, அதாவது கரண்ட் கொடுத்தால் திறக்கும் வால்வு, கேட்டு வாங்குங்கள், அதையும் பேட்டரியில் ஓட்டுங்கள். விலை குறைவு என்று வாஷிங் மெஷினில் தண்ணீர் வரும் வால்வை சிலர் எடுத்து வருகிறார்கள், நம் ஊர் மெஷின்களில் அது பொதுவாக வீட்டு கரண்டில் நேரடியாக ஓடுவது. தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே திறந்த முனைகளோடு 230 வோல்ட்டைத் தொங்கவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள். குழாய் அழுத்தம் இல்லாமல் அந்த வால்வு ஒழுங்காகத் திறக்கவும் திறக்காது.

பழைய ஃபிளாஷ் விஷயமும் அப்படித்தான். பழைய சாமான் கடையில் கிடைத்ததை ரிப்பேர் பார்க்கிறேன் என்று தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது இருக்கும். சில பழைய மாடல்களில் கேமராவைத் தொடும் ட்ரிக்கர் முனையிலேயே 200 வோல்ட் தாண்டும், நேராக மாட்டினால் கேமராவே போய்விடலாம், வயர் இல்லாமல் ஃபிளாஷை அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்இடி பேனல்தான் இருக்கிறது, கரண்ட் இல்லாமல் முடியாது என்றால்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேஜையிலும் வேண்டாம், மேஜைக்கு அடியில் தரையிலும் வேண்டாம், தூரத்தில் ஒரு ஸ்டூல் மேல் இருக்கட்டும். தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே ஓடும், அதனால் வயர் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று நம் வீட்டில் சொல்லாத அம்மா கிடையாது, படம் எடுக்கிற மும்முரத்தில் முதலில் மறப்பதும் அதுதான், கழுத்தில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெங்களூரில் நிறைய வீடுகளில் யூபிஎஸ் லைன் தனியாக ஓடுகிறது. மெயினை இறக்கினாலும் அந்தப் பாயிண்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். மெயின் ஆஃப் என்ற நம்பிக்கையில் நனைந்த பாக்ஸைக் கையால் தூக்காதீர்கள்.

தண்ணீரை கெட்டியாக்க கிளிசரின் கலந்தால் தரையில் துணி விரியுங்கள், டைல்ஸில் அது விழுந்த இடத்தில் கால் நிற்காது. எனக்குப் பிடித்தது குவார் கம், நம் கொத்தவரை விதையிலிருந்து வருவது, ஒரு லிட்டருக்குச் சிட்டிகை போட்டு ராத்திரி ஊறவைத்து வடிகட்டினால் துளி விழுந்ததும் மேலெழும் தண்ணீர்த் தண்டு நன்றாக நிமிர்ந்து நிற்கும். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு, ஒரு லிட்டர் என்றால் 20,000 சொட்டு, அதையும் ட்ரேயில் பிடித்துத் திரும்ப ஊற்றலாம். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது, குழாயைத் திறந்து விட்டுப் படம் எடுக்காதீர்கள். முடிந்ததும் ட்ரேயைக் கவிழ்த்து வையுங்கள், அப்படியே விட்டால் கொசு முட்டையிடும்.

கடைசியாக, இதைப் படித்த கையோடு வீட்டு மெயின் போர்டின் கதவைத் திறந்து பாருங்கள். கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி மட்டும் இருந்தால் அது வயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. கசியும் கரண்டைக் கண்டுபிடித்து வெட்டுவது ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேல் போட்டிருக்க வேண்டும், 'டி' என்ற பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, ஆர்சிசிபியே இல்லை என்றாலோ வாடகை வீடானாலும் ஓனரிடம் பேசி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள், அதுவரைக்கும் பேட்டரி ஃபிளாஷிலேயே எடுங்கள்.